சனிக்கிழமைச் சபை

சென்னை, கோவை பக்கமிருந்து ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் ஏறி, இரண்டு நாள் உட்கார்ந்து, படுத்து, மறுபடி உட்கார்ந்து கோரக்பூரில் இறங்குகிறார்கள். அங்கிருந்து நௌதன்வாவுக்கு இன்னொரு ரயில். நௌதன்வாவோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. பிறகு கொஞ்ச தூரத்தில் சுனௌலி எல்லை. நுழைவு வளைவைத் தாண்டினால் நேபாளம். இந்தியருக்கு விசா வேண்டாம், வாக்காளர் அட்டை போதும். கடிகாரத்தை மட்டும் 15 நிமிடம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும்.

மே மாத விடுமுறையிலும் ஆயுதபூஜை விடுமுறையிலும் இந்த வழியாகத் தமிழ்ச் சபைக் குழுக்கள் போகின்றன. வாலிபர் ஐக்கியத்துப் பையன்கள் சிலர், ஞாயிறு பள்ளி டீச்சர்கள் இரண்டு பேர், ஒரு போதகர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர், கூடவே ஒரு டிரம் அல்லது கிடார். ஒரே நிற டி-ஷர்ட், மடித்து வைத்த பேனர், புளியோதரை, எலுமிச்சை ஊறுகாய். முன்பெல்லாம் ‘ஊழியப் பயணம்’ என்பார்கள். இப்போது எல்லார் வாயிலும் ‘மிஷன் டிரிப்’. பத்து நாள். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு சபைக்கு முன்னால் நிறுத்தி ஜெபம் பண்ணி அனுப்புவார்கள். திரும்பி வந்ததும் ஒருவர் மேடையேறிச் சாட்சி சொல்வார்.

நேபாளத்துக்கு முதல்முறை போகும் குழுவுக்கு முதல் பாடம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கிடைக்கும். குளித்து, வெள்ளை உடுத்தி, வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தால் தேவாலயக் கதவு பூட்டியிருக்கும். போதகர் வயலில் இருப்பார். அந்நாட்டில் பல தலைமுறைகளாக வார விடுமுறை சனிக்கிழமை. ஞாயிறு வேலை தொடங்கும் நாள். ஆகவே ஆராதனையும் சனிக்கிழமைதான். அதில் இறையியல் எதுவும் இல்லை. ஜனங்களுக்கு என்றைக்கு ஓய்வோ அன்றைக்குக் கூடுகிறார்கள், அவ்வளவுதான். வேறு நாட்டிலிருந்து ஊழியர் வந்து அட்டவணை போட்டுக் கட்டிய சபை அல்ல இது என்பதற்கு, இதைவிட எளிய சான்று தேட வேண்டியதில்லை.

2015 ஏப்ரல் 25ஆம் தேதியும் சனிக்கிழமை. பகல் 11.56க்குப் பூமி குலுங்கியது. அளவு 7.8, மையம் கோர்க்கா மாவட்டத்துப் பார்பாக் அருகே. விடுமுறை நாள் என்பதால் பள்ளிகள் காலியாக இருந்தன. இடிந்த வகுப்பறைகளைப் பார்த்த பிறகுதான் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் தப்பினார்கள் என்பது உறைத்தது. ஆனால் அதே காரணத்தால் நாடெங்கும் தேவாலயங்கள் நிரம்பியிருந்தன. ஆராதனை முடியும் நேரம் அது. பல இடங்களில் கூரை பாடிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே விழுந்தது. அந்த நிலநடுக்கத்தில் நாடு முழுக்க இறந்தவர்கள் 9,000 பேருக்கு நெருக்கம். அடுத்த சனிக்கிழமை பல சபைகள் ‘திரிபால்’ என்று அங்கே சொல்லும் தார்ப்பாயின் கீழ் கூடின.

நேபாளச் சபைக்கு உதவ வெளிநாட்டுக் குழுக்கள் பெருவாரியாகக் கிளம்பி வந்ததும் அதன் பிறகுதான். அந்த வருகையைப் பற்றிப் பேசுவதற்கு முன், பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதுவும் நௌதன்வாவில்தான் தொடங்குகிறது.

பதினாறு வருடம் வாசலில்

லில்லி ஓஹான்லன் என்ற மருத்துவரும் ஹில்டா ஸ்டீல் என்ற அவருடைய தோழியும் 1936இல் நௌதன்வாவில் வந்து தங்கினார்கள். அன்றைய நேபாளம் ராணாக்களின் பிடியில் இருந்தது. வெளிநாட்டாருக்கு, அதிலும் மிஷனரிகளுக்கு, கதவு அடைப்பு. உள்ளே போக வழியில்லாததால் எல்லையின் இந்தியப் பக்கத்திலேயே மருந்தகம் வைத்தார்கள். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்குப் புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். நேபாளி படித்தார்கள். 1951இல் ராணா ஆட்சி விழுந்தது. 1952இல் அனுமதி வந்தது. அப்போதும் பொக்காராவுக்குச் சாலை கிடையாது. நாள்கணக்கில் மலையேறி நடந்தார்கள். அங்கே உலோகத் தகட்டில் அரைவட்டக் கொட்டகைகள் போட்டு மருத்துவமனை நடத்தினார்கள். வெயிலில் தகடு பளபளத்ததால் ஊர்க்காரர்கள் வைத்த பெயரே நிலைத்தது: மின்னும் மருத்துவமனை.

இந்தக் கதையைச் சபைகளில் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். அந்த நடையில் அப்பெண்களோடு நேபாளிக் கிறிஸ்தவர்களும் வந்தார்கள். அவர்களில் டேவிட் முகியா என்பவர்தான் பொக்காராவின் ராம்காட் சபைக்கு மேய்ப்பரானார். நேபாள மண்ணில் நேபாளிகள் நடத்திய முதல் சபை அது. மருத்துவர் மருத்துவம் பார்த்தார், முகியா சபையை நடத்தினார். வேலைப் பிரிவினை அவ்வளவு தெளிவு. சிறைக்குப் போனதும் முகியாதான். 1960இல் தான்சேனில் கிறிஸ்தவர்கள் சிலர் கைதானார்கள். மதம் மாறியவருக்கு ஓராண்டு, மாற்றியவருக்கு ஆறாண்டு என்பது அன்றைய கணக்கு. ஞானஸ்நானம் கொடுத்த குற்றத்துக்கு முகியாவுக்கு ஆறாண்டு விதித்தார்கள்.

கதவைத் தட்டியவர்களில் இவர்கள் முதல்வர்கள் அல்ல. 1715இலேயே கப்புச்சின் துறவிகள் காத்மாண்டு பள்ளத்தாக்குக்கு வந்திருந்தார்கள். பிருத்வி நாராயண் ஷா பள்ளத்தாக்கைப் பிடித்த கையோடு 1769இல் அவர்களை அனுப்பிவிட்டார். அவர்களோடு போன நேவார் கிறிஸ்தவர்கள் பீகாரில் பெத்தியா பக்கம் குடியேறினார்கள். பிறகு டார்ஜிலிங்கில் கங்காபிரசாத் பிரதான். நேபாளி மொழியில் முழு வேதாகமம் வரப் பல ஆண்டு உழைத்தவர். அது 1914இல் வெளிவந்தது. அதே ஆண்டு குடும்பம், உறவு என்று நாற்பது பேரோடு காத்மாண்டுவுக்குக் குடிபோகப் பார்த்தார். கிறிஸ்தவர்களுக்கு இங்கே இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வந்து போவதற்கு அல்ல, குடியிருக்கவே போன நேபாளி அவர்.

1954இல் பல நாட்டு மிஷன்கள் சேர்ந்து ‘யுனைடெட் மிஷன் டு நேபாள்’ என்ற அமைப்பைத் தொடங்கின. அதற்கு வழி திறந்தது ஒரு பறவை ஆராய்ச்சி என்றால் நம்பச் சற்றுச் சிரமம்தான். முசோரிப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ராபர்ட் ஃபிளெமிங், பறவைகளைத் தேடித் தான்சேன் மலைக்குப் போனார். பறவை பார்க்கப் போனவரைச் சுற்றி நோயாளிகள் கூடினார்கள். அவர் மனைவி பெத்தல் மருத்துவர். அப்படித்தான் மருத்துவமனைக்கு அழைப்பு வந்தது. அரசு போட்ட நிபந்தனை ஒன்று: வைத்தியம் பாருங்கள், பள்ளி நடத்துங்கள், மதம் மாற்றாதீர்கள். கையெழுத்துப் போட்டார்கள். 1951இல் கோதாவரியில் பள்ளி தொடங்க வந்த சேசு சபைப் பாதிரியார் மார்ஷல் மோரனும் அதே நிபந்தனையின் கீழ்தான் வாழ்ந்தார். அவருக்குத் தனியாக ஒரு புகழ் உண்டு: 9என்1எம்எம் என்ற அழைப்புக் குறியோடு ஹாம் ரேடியோவில் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தவர். நேபாளம் என்று ஒரு நாடு இருப்பதைப் பலர் அவர் குரலில்தான் முதலில் கேட்டார்கள்.

ஆட் ஹோஃப்டுன் என்ற நார்வே எஞ்சினீயரையும் விட்டுவிட முடியாது. தான்சேன் மருத்துவமனையைக் கட்ட 1958இல் வந்தார். 1963இல் புட்வலில் தொழிற்பயிற்சி நிலையம் தொடங்கினார். மலைப் பையன்களுக்கு வெல்டிங், மரவேலை, மின்வேலை கற்றுக்கொடுத்து, அவர்களை வைத்தே தினாவ் ஆற்றில் சுரங்கம் குடைந்து ஒரு மெகாவாட் மின்நிலையம் எழுப்பினார். நேபாளத்தின் தனியார் நீர்மின் தொழில் பெரிய அளவில் அந்தப் பட்டறையிலிருந்து வளர்ந்தது. பிரசங்கம் செய்ய முடியாத மிஷனரிக்கு இவ்வளவு வேலை இருந்திருக்கிறது.

458 பேர்

1961 மக்கள்தொகைக் கணக்கில் நேபாளக் கிறிஸ்தவர்கள் 458 பேர். 2001இல் 1,01,976. 2011இல் 3,75,699. 2021இல் 5,12,313, அதாவது நூற்றுக்கு 1.76. கணக்கெடுப்பில் வெளிப்படச் சொல்லப் பலர் தயங்குவதால் உண்மையில் இன்னும் அதிகம் என்பது சபைத் தலைவர்களின் வாதம். இருக்கலாம். அரசுக் கணக்கே போதும், அது சொல்லும் கதையே பெரிது.

யார் வளர்த்தார்கள்? வெளிநாட்டு மிஷனரி வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் இருந்தபோது பேசியவர்கள் நேபாளிகள். இந்திய மலை நகரங்களில் வேலை பார்த்துத் திரும்பிய சிப்பாய், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி, காளிம்போங்கிலிருந்து வந்த இளம் ஊழியர்கள், கேரளத்திலிருந்து வந்து காத்மாண்டுவில் வீடெடுத்துத் தங்கிய மார்த்தோமா சபையார் சிலர். சபை மாவட்டம், டயோசிஸ், லுத்தரன், மெதடிஸ்ட் என்ற வேலி எதுவும் முதல் தலைமுறைக்கு இல்லை. தாமாங், சேபாங், ராய், மகர் கிராமங்களிலும் தலித் குடியிருப்புகளிலும் பரவியது. எப்படி விசுவாசத்துக்கு வந்தீர்கள் என்று நேபாளி விசுவாசியைக் கேட்ட ஆய்வாளர்கள் பலரும் எழுதிவைத்த பதில் பெரும்பாலும் ஒன்றே: வீட்டில் நோய், மந்திரம் ஓதும் ஜாங்க்ரியை அழைத்தோம், பலிகொடுத்துக் கடனானோம், கடைசியில் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர் வந்து ஜெபித்தார், குணமானது. குணமானதற்கு மருத்துவக் காரணம் தேடுகிறவர்கள் தேடட்டும். நான் கவனிப்பது அதில் வரும் ‘பக்கத்து வீட்டு’ என்ற சொல்லை. விமானத்தில் வந்தவர் அல்ல, பக்கத்து வீட்டிலிருந்து வந்தவர்.

1990 மக்கள் இயக்கத்துக்குப் பிறகு கெடுபிடி தளர்ந்தது. கதவு திறந்ததும் வேலிகளும் உள்ளே வந்தன. ஒவ்வொரு உலகச் சபைக்கும் நேபாளக் கிளை வேண்டியிருந்தது. நேற்றுவரை வெறும் ‘மண்டலி’யாக (சபையாக) இருந்ததற்கு வெளிநாட்டுப் பெயர்ப்பலகை மாட்டப்பட்டது. சம்பளம் வந்தது, சம்பளத்தோடு பிளவும் வந்தது. தொண்டு நிறுவனப் பணத்தில் வாழ்வதை நேபாளிகள் ‘டாலர் கேதி’ என்பார்கள், டாலர் விவசாயம். அந்தக் கேலி போதகர்கள் மேலும் விழுந்தது. எல்லார் மேலும் நியாயமாக விழுந்தது என்று சொல்ல மாட்டேன். வெளியிலிருந்து ஒரு ரூபாய் பார்க்காமல் மக்காச்சோளம் விளைவித்துச் சபை நடத்துகிறவர் மேலும் சேர்த்தே விழுந்தது.

படமும் சட்டமும்

2006இல் நேபாளம் மதச்சார்பற்ற நாடானது. ஆனால் 2015 அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு, பிறரை மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த ஏழு நாளில் நாடு கடத்தல். இந்தியரும் அங்கே வெளிநாட்டவர்தான். விசா கேட்கவில்லை என்பதற்காக அதை மறந்துவிடுகிறோம்.

இந்தச் சட்டம் யாரைச் சுடும்? வந்துபோகிறவரை அரிதாகத்தான். நிலநடுக்கத்துக்கு அடுத்த ஆண்டு, தோலகா மாவட்டத்துச் சரிகோட்டில், அதிர்ச்சியில் இருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆற்றுப்படுத்தும் நிகழ்ச்சி ஒன்றில் இயேசுவின் கதை சொல்லும் படக்கதைப் புத்தகம் கொடுக்கப்பட்டது. எட்டுப் பேர் கைது. நம்மூர் விடுமுறை வேதாகமப் பள்ளியில் மிட்டாயோடு கொடுப்போமே, அந்த மாதிரிப் புத்தகம். சில மாத வழக்குக்குப் பின் விடுதலையானார்கள். பொக்காராவைச் சேர்ந்த போதகர் கேசவ் ராஜ் ஆசார்யாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2020இல் கொரோனாவுக்கு எதிராக ஜெபிக்கும் வீடியோ ஒன்று பரவியதை ஒட்டி அவர் கைதானார். 2021 நவம்பரில் டோல்பா மாவட்ட நீதிமன்றம் இரண்டாண்டுச் சிறை விதித்தது, மேல்முறையீட்டில் அது ஓராண்டானது.

வீடியோ. இதைத்தான் குழுவில் வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. ஆற்றில் ஞானஸ்நானம், சுற்றிப் பனிமலை. படம் அழகாகத்தான் இருக்கும். எடுத்தவர் சனிக்கிழமை இரவே முகநூலில் ஏற்றி, ஊர்ப் பெயரையும் போட்டு, ‘அறுவடை மிகுதி’ என்று எழுதி, அடுத்த புதன்கிழமை நாசரேத்திலோ நாகர்கோவிலிலோ இறங்கிவிடுவார். படத்தில் இருப்பவர் அங்கேயே இருப்பார். அவர் மாமனாரும் வார்டு உறுப்பினரும் காவல் நிலையமும் அதே பள்ளத்தாக்கில்தான் இருக்கிறார்கள். மிஷன் டிரிப்பின் அபாயத்தில் பெரும்பங்கு உபசரித்தவர் தலையில் விழுகிறது. பயணிக்குச் சாட்சி மட்டும் கிடைக்கிறது.

2015 ஏப்ரல் கடைசியில் சமூக ஊடகங்களில் ஒரு குறிச்சொல் பரவியது. தமிழில் சொன்னால் ‘ஆன்ம வல்லூறுகள்’. பிணக்குவியலில் மதம் பரப்ப வருகிறார்கள் என்பது புகார். அரிசிக்குப் பதில் வேதாகமம் அனுப்புகிறார்கள் என்ற வதந்தியும் கூடவே ஓடியது. அந்த வாரங்களில் நேபாளிச் சபைகள் தம் வீடே இடிந்து கிடக்க, தார்ப்பாயும் அரிசியும் முதுகில் சுமந்து வேறு கிராமங்களுக்கு ஏறிக்கொண்டிருந்தன. அந்தச் செய்தியை எந்தக் குறிச்சொல்லும் சுமக்கவில்லை. வதந்திக்குத் தீனி போட்டது வெளியிலிருந்து பேனரோடு வந்தவர்களில் சிலர் என்பதையும் மறைக்க முடியாது.

அனாதை இல்லங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டுக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஒரு மாலை கட்டாயம் அங்கேதான்: பாட்டு, பொம்மலாட்டம், பிஸ்கட், அழுகை. நேபாளத்து இல்லங்களில் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். படிக்கவைக்கிறோம் என்று தரகர் சொன்னதை நம்பி அனுப்பியவர்கள் பலர். இல்லங்கள் அதிகமாக இருப்பது ஏழ்மை மிகுந்த மாவட்டங்களில் அல்ல, காத்மாண்டு, பொக்காரா என்று சுற்றுலாக்காரர் புழங்கும் இடங்களில். எங்கே அனுதாபம் வந்து இறங்குகிறதோ அங்கே அனாதைகள் முளைக்கிறார்கள். நல்ல இல்லங்களும் உண்டு. ஆனால் ஒரு மாலை பாடிவிட்டுப் போகிறவரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

டிக்கெட் கணக்கு

கர்ட் வெர் பீக் என்ற ஆய்வாளர் 2006இல் ஒரு கட்டுரை எழுதினார். 1998இல் மிட்ச் புயல் அடித்த ஹோண்டுராசில், வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் வந்து வீடு கட்டிக்கொடுத்ததைப் பற்றியது. வீடு ஒன்றின் செலவு சுமார் 2,000 டாலர். அதைக் கட்ட வந்த ஒரு குழுவின் பயணச் செலவு 30,000 டாலர் அளவில். வீட்டைப் பெற்றவர்களைக் கேட்டால், வந்தது சந்தோஷம்தான், ஆனால் அந்தப் பணத்தில் இன்னும் வீடுகள் கட்டியிருக்கலாமே என்றார்கள். வந்தவர்களின் வாழ்க்கையும் அப்படி ஒன்றும் மாறிவிடவில்லை என்பது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. அதுதான் சபைகளுக்கு அதிகம் வலித்தது.

படுக்கை வகுப்பில் போகும் நம்மூர்க் குழுவுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் கேள்வி பொருந்தும். நானும் ஒருகாலத்தில், டிக்கெட் காசை அனுப்பிவிட்டு வீட்டில் இருங்கள் என்றுதான் வாதாடுவேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை. இருபது குடும்பம் உள்ள மலைச் சபையை எண்ணிப் பாருங்கள். ஊரில் பாதிப் பேர் பேசுவதில்லை. பெண் கொடுப்பதில்லை, இழவுக்கு வருவதில்லை. அங்கே யாரோ நான்கு பேர், அந்த ஊர்ப் பாஷைகூடத் தெரியாதவர்கள், பஸ்ஸும் ஜீப்பும் மாறி, கடைசி மூன்று மணிநேரம் மூச்சு வாங்க நடந்து வந்து, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ‘ஜெயமசி’ என்று கைகூப்புகிறார்கள். பணம் அனுப்பினால் இது கிடைக்காது.

செருப்பை வெளியே விட்டு, ஆண்கள் ஒரு பக்கம், முக்காடிட்ட பெண்கள் ஒரு பக்கம் தரையில். மாதல் மேளமும் கிடாரும் சேர்ந்து ஒலிக்க பஜனைப் புத்தகத்திலிருந்து பாட்டு. சாட்சி, ஜெபம், பிரசங்கம், மறுபடி ஜெபம். கடிகாரம் பார்க்கும் வழக்கம் கிடையாது. முடிந்ததும் பருப்பும் சோறும். நம்மூர் அசனத்தில் உட்கார்ந்தவருக்கு அந்நியமாகத் தோன்றாது. அந்தப் பந்தியில் விருந்தாளி செய்யக்கூடிய மிகச் சிறந்த ஊழியம் இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொள்வதுதான் என்பது என் கட்சி. பலர் அங்கேதான் தோற்கிறார்கள். பையில் ஊறுகாய் இருக்கிறது, வயிறு சரியில்லை என்கிறார்கள்.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் ஒரு தமிழர் பேசினார். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில், தங்கள் ஆட்களை அனுப்பத் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்தை 1903இல் உருவாக்கியவர்களில் ஒருவர். 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். மேற்கத்திய மிஷனரிகளின் தியாகத்தைப் பாராட்டிவிட்டு, எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னபோது சபை நெளிந்தது. கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்ற படிக்கட்டைப் பற்றிய பேச்சு அது. வாங்கும் படியில் நின்று பேசினார். இன்று அதே தென்பாண்டிச் சீமையிலிருந்து கிளம்பும் குழு கொடுக்கும் படியில் நிற்கிறது. சுனௌலியில் இறங்கியதும் குரலில் ஒரு மிடுக்கு ஏறுவதைக் கவனித்தால் தெரியும். இந்தி தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், எல்லாருக்கும் உத்தரவு போட ஆரம்பித்துவிடுவார்.

தரங்கம்பாடியில் 1706இல் இறங்கிய சீகன்பால்கு தமிழ் எழுத்தைக் கற்றது பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து. நௌதன்வாவில் ஓஹான்லன் காத்திருந்தது பதினாறு வருடம். பத்து நாள் குழுவிடம் இதையெல்லாம் கேட்க முடியாது. பத்து நேபாளி வாக்கியம் கேட்கலாம். ஒரே சபைக்கு ஐந்து வருடம் தொடர்ந்து போவதைக் கேட்கலாம். அவர்கள் அழைத்த மாதத்தில் போவதைக் கேட்கலாம். நடவு நேரத்தில் விருந்தாளி வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

புதைக்க ஓர் இடம்

என்ன வேண்டும் என்று வளரும் சபையைக் கேட்டால், கூரைத் தகடு, ஒலிபெருக்கி, பைக் என்று முதலில் சொல்வார்கள். விருந்தாளியிடம் எதைக் கேட்டால் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் பழகிய பிறகு வேறொன்று வெளியே வரும். இடுகாடு. மலையில் தட்டை நிலம் குறைவு, இருப்பது வயல். பெரும்பான்மையோர் ஆற்றங்கரையில் எரிப்பவர்கள். புதைக்கப் போனால் ஊர் தடுக்கும். காத்மாண்டு கிறிஸ்தவர்கள் நீண்டகாலம் பசுபதிநாத் கோயிலை ஒட்டிய ஸ்லேஷ்மாந்தக் காட்டில் புதைத்துவந்தார்கள். 2011இல் கோயில் வளாக நிர்வாகம் அதைத் தடுத்தது. போராட்டம், உண்ணாவிரதம், வழக்கு என்று இழுத்தது. இரவோடு இரவாக உடலை வேறு மாவட்டத்துக்கு எடுத்துப்போய்ப் புதைத்த குடும்பங்கள் உண்டு. தகப்பனை எங்கே அடக்கம் செய்வது என்று தெரியாததாலேயே விசுவாசத்தை வெளியே சொல்லாமல் இருப்பவர்களும் உண்டு.

தேவாலயத்தைத் தேவாலயமாகப் பதிவுசெய்ய ஏற்ற சட்டமும் இல்லை. தொண்டு அமைப்பு என்று பதிவுசெய்கிறார்கள், அல்லது நிலமும் கட்டடமும் போதகர் பெயரில் கிடக்கின்றன. போதகர் இறந்தால் மகன் விற்கலாம். வெளிநாட்டுக் காணிக்கையில் கட்டிய எத்தனையோ ஆலயங்களின் அடித்தளம் இந்த ஒற்றைப் பட்டாவில் நிற்கிறது. ரிப்பன் வெட்டப் போகும் குழு கேட்க வேண்டிய முதல் கேள்வி, நிலம் யார் பெயரில் என்பது. கேட்பதில்லை, ஆவிக்குரிய கேள்வியாக அது தோன்றுவதில்லை போலும்.

பாயில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணினால் இன்னொன்று தெரியும். பெண்கள் பக்கம் நிறைந்திருக்கும். ஆண்கள் பக்கம் கிழவர்களும் சிறுவர்களும். நடுவயது ஆண்கள் கத்தாரிலும் சவுதியிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். சபையில் பாட்டு நடத்துவது, நோயாளி வீட்டுக்குப் போவது, உபவாச ஜெபம் வைப்பது எல்லாம் பெண்கள். போதகர் பட்டம் மட்டும் இன்னும் பெரும்பாலும் ஆண்களிடம். தமிழ்நாட்டுச் சபையில் பெண்கள் சங்கத்து அம்மாமார் இதைப் பார்த்தால் விளக்கம் தேவைப்படாது. ஆனால் மிஷன் டிரிப்பில் அந்த அம்மாமார்களை அழைத்துப் போவது அபூர்வம். வாலிபர்கள் போகிறார்கள், அவர்கள் நடனம் ஆடிக் காட்டுகிறார்கள்.

‘வளரும் சபைக்கு நாம் உதவப் போகிறோம்’ என்ற கணக்கே சில வருடங்களாகத் திசை மாறிவிட்டது. பூட்டானிலிருந்து துரத்தப்பட்டு ஜாப்பா, மோரங் முகாம்களில் கிடந்த நேபாளி மொழியினரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் 2007க்குப் பிறகு அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியேறினார்கள். முகாமிலேயே சபை கூடிப் பழகியவர்கள் பலர் அவர்களில் உண்டு. ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் போன்ற ஊர்களில் இன்று நேபாளி ஆராதனைகள் நடக்கின்றன. அங்கே வளர்ந்த பிள்ளைகள் விடுமுறையில் காத்மாண்டுவுக்கு மிஷன் டிரிப் வருகிறார்கள், ஒரே நிற டி-ஷர்ட்டில். நேபாளி பேசத் தெரியும், ஆனால் பாட்டிக்குப் புரிகிற நேபாளி அல்ல.

கத்தாரில் வெள்ளி விடுமுறை. தோகாவில் கட்டட வேலையில் இருக்கும் நேபாளி விசுவாசிக்கு ஆராதனை வெள்ளிக்கிழமை. அவன் மனைவிக்குத் தாதிங் மலையில் சனிக்கிழமை. அமெரிக்கா போன அவர்கள் சொந்தக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை. பாட்டுப் புத்தகம் மூன்று இடத்திலும் ஒன்றே. வெள்ளி இரவு அறைக்குத் திரும்பியதும் அவன் வீட்டுக்குப் போன் போட்டு, இன்றைக்கு என்ன பாட்டுப் பாடினோம் என்று சொல்கிறான். அவள் தாளத்தைக் கேட்டுக்கொள்கிறாள். காலையில் மாதல்காரச் சிறுவனுக்குச் சொல்லித்தர வேண்டும்.